எம்ஆர் டேம்பர் செய்யப் போகும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவ மாணவியருக்கு,

ப்ராஜெக்ட் தலைப்பு பதிவு செய்யும் நேரம் இது. ஒவ்வோர் ஆண்டும் வரும் பட்டியலில் எம்ஆர் டேம்பர் தவறாமல் இடம்பிடிக்கிறது. காந்தப்புலம் பட்டால் கெட்டிப்படும் ஓர் எண்ணெய், அதை நிரப்பிய ஒரு ஷாக் அப்சார்பர், ஸ்விட்சைப் போட்டால் விறைப்பு, அணைத்தால் இளக்கம். நல்ல தலைப்பு. பொருளறிவியல், காந்தவியல், பாய்ம இயக்கவியல், மெஷின் டிசைன், லேத் வேலை எல்லாம் ஒரே சாதனத்தில் சேரும் தலைப்பு வேறு அதிகம் இல்லை. நீங்கள் அதை எடுக்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.

எடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் திரவம் முதல் நாள் எவ்வளவு விறைக்கிறது என்று காட்டுவது எளிது. மூன்று மாதம் சும்மா கிடந்த பிறகு அது வேலை செய்யுமா என்பதுதான் இந்தத் துறையை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தடுத்து நிறுத்திய கேள்வி. நான் பார்த்த மாணவர் ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலானவை முதல் நாளோடு நின்றுவிடுகின்றன. டெமோ நாளன்று காலை பாட்டிலைக் குலுக்கி ஊற்றி, அன்று மாலைக்குள் வைவா முடிந்துவிட்டால் அந்தக் கேள்வி எழவே எழாது. அதை எழுப்புங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காந்தத்துக்குக் கட்டுப்படும் திரவங்கள் என்றவுடன் உங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது, கண்ணாடித் தட்டில் கறுப்பு எண்ணெய் முள்முள்ளாக எழும் வீடியோ. அது ஃபெரோஃப்ளூயிட். உங்கள் டேம்பருக்கு வேண்டியது எம்ஆர் திரவம். இரண்டிலும் எண்ணெய் உண்டு, காந்தத் துகள் உண்டு, துகளை ஒட்டாமல் வைக்கும் வேதிப்பூச்சு உண்டு. ஆனால் துகளின் அளவு மாறியதில் இயல்பே தலைகீழாகிவிடுகிறது.

ஃபெரோஃப்ளூயிடில் இருப்பது ஏறத்தாழ 10 நானோமீட்டர் விட்டமுள்ள மேக்னடைட் துகள். அவ்வளவு சிறிய துகளை எண்ணெயின் மூலக்கூறுகள் ஓயாமல் இடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். பிரௌனியன் இயக்கம் என்று படித்திருப்பீர்கள். அதனால் அது அடியில் படிவதே இல்லை. வலுவான காந்தத்தின் அருகிலும் அது திரவமாகவே இருக்கும். மொத்தமாக இழுபடும், உருவம் மாறும், ஆனால் கெட்டிப்படாது. எம்ஆர் திரவத்தில் இருப்பது சில மைக்ரான் விட்டமுள்ள இரும்பு. காந்தப்புலம் வந்ததும் ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிக் காந்தமாகி, அடுத்ததன் முனையைப் பிடித்துக்கொண்டு புலத்தின் திசையில் சங்கிலி சங்கிலியாக நிற்கும். அந்தச் சங்கிலிகளை அறுத்தால்தான் திரவம் நகரும். அறுக்கத் தேவையான தகைவுதான் ஈல்டு ஸ்ட்ரெஸ். நல்ல எம்ஆர் திரவத்தில் அது 50 முதல் 100 கிலோபாஸ்கல் வரை போகும். புலத்தை எடுத்தால் சில மில்லிநொடிகளில் மீண்டும் எண்ணெய்.

ஃபெரோஃப்ளூயிடை நிரப்பி டேம்பர் செய்துவிட்டு விசையே வரவில்லை என்று திகைத்த குழுக்கள் உண்டு. வராது. அதன் வேலை வேறு.

அந்த வேறு வேலையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் அருமையான துறை. 1963-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில் ஸ்டீவ் பாப்பெல் என்ற பொறியாளருக்கு ஒரு சிக்கல். விண்வெளியில் எடையின்மை நிலையில் எரிபொருள் டேங்கின் அடியில் நிற்காது, மிதக்கும். பம்பின் வாய்க்கு அதை எப்படிக் கொண்டுவருவது? எரிபொருளிலேயே நுண்ணிய காந்தத் துகளைக் கலந்துவிட்டால் காந்தத்தால் இழுக்கலாம் என்று யோசித்தார். மேக்னடைட்டை ஓலிக் அமிலத்தோடு பால் மில்லில் நெடுநேரம் அரைத்து அந்தத் திரவத்தைச் செய்தார். ராக்கெட்டுகள் அந்த வழியில் போகவில்லை. ஆனால் திரவம் பிழைத்துக்கொண்டது. ரொனால்ட் ரோசன்ஸ்வைக் அதன் இயற்பியலை முழுதாக எழுதினார். 1968-இல் அதற்கென்றே ஒரு நிறுவனமும் தொடங்கினார். அந்த முட்கள் எழுவதற்குக் காரணமான நிலையின்மைக்கு இன்று அவர் பெயர்தான்.

அந்த முட்களை வீடியோவில் பார்த்து ரசிப்பதோடு விடாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். காந்த விசை பரப்பை மேலே இழுக்கிறது. ஈர்ப்பும் பரப்பு இழுவிசையும் அதைத் தட்டையாக்கப் பார்க்கின்றன. ஒரு குறிப்பிட்ட புலத்தைத் தாண்டியதும் தட்டைப் பரப்பு தாங்காது, அறுகோண ஒழுங்கில் முட்கள் கிளம்பும். முட்கள் கிளம்பும் அந்தக் கட்டத்தில் அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தைப் பரப்பு இழுவிசையும் அடர்த்தியுமே தீர்மானிக்கின்றன. மீட்டருக்கு 0.025 நியூட்டன் பரப்பு இழுவிசையும் தண்ணீரைப்போல் 1.2 மடங்கு அடர்த்தியும் உள்ள திரவத்துக்கு அது 9 மில்லிமீட்டர் சுற்றி வரும். ஒரு ஸ்கேலை வைத்துச் சரிபார்த்துவிடலாம்.

ஃபெரோஃப்ளூயிட் பெரிதாக வென்ற இடம் சுழலும் ஷாஃப்டுக்கான வேக்குவம் சீல். ஷாஃப்டுக்கும் காந்த முனைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி. அங்கே காந்தம் பிடித்துவைத்திருக்கும் திரவ வளையம். உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை, ரப்பர் லிப் இல்லை, தேய்மானம் இல்லை. ஒரு வளையம் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாங்கும். அதனால் பல வளையங்களை அடுத்தடுத்து வைப்பார்கள். ஒலிபெருக்கியின் வாய்ஸ் காயிலைச் சுற்றியும் இதை ஊற்றுகிறார்கள். சூட்டை வெளியே கடத்தும், அதிர்வையும் அடக்கும். நம் கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இந்தத் திரவங்கள் மேல் நெடுங்காலமாக ஆய்வு நடக்கிறது. வெப்பம் பாயும் திசையிலேயே காந்தப்புலத்தைக் கொடுத்தால் நானோ துகள்கள் சங்கிலியாகி வெப்பக் கடத்துதிறன் 300 சதவீதம் வரை கூடுகிறது என்று 2007-இல் அங்கிருந்து வந்த ஆய்வுக் கட்டுரை உலக அளவில் பேசப்பட்டது. மேற்படிப்புக்கு யோசிப்பவர்கள் அந்தக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள்.

இனி உங்கள் எம்ஆர் திரவத்துக்கு வருகிறேன்.

இதன் கதை ஃபெரோஃப்ளூயிடை விடப் பழையது. கார்கீவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜேக்கப் ராபினோவ், வாஷிங்டனில் அந்நாட்டு அரசின் தர நிர்ணய ஆய்வகத்தில் பணியாற்றியவர். 1948-இல் அவர் காந்தத் திரவ கிளட்ச் ஒன்றைச் செய்து காட்டினார். எடைக் கணக்கில் ஒன்பது பங்கு கார்பனைல் இரும்புத்தூள், ஒரு பங்கு எண்ணெய். இரண்டு தட்டுகளுக்கு நடுவே அதை நிரப்பி, காயிலில் மின்சாரம் கொடுத்தால் தட்டுகள் பூட்டிக்கொள்ளும். 1951-இல் காப்புரிமை கிடைத்தது. கிளட்ச் வேலை செய்தது. விசை போதுமான அளவு இருந்தது. அப்படியும் அதன் பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இந்தத் துறை உறங்கியது.

ஏன்? இரும்பு படிந்தது. சீல் தேய்ந்தது. ஓட ஓடத் திரவம் குழம்பாகித் தடித்தது. வேகமாக மின்னோட்டத்தை மாற்றிக் கொடுக்கும் மலிவான மின்னணுச் சாதனங்களும் அன்று கிடையா. கடைசிக் குறையை மைக்ரோகன்ட்ரோலர் தீர்த்துவிட்டது. உங்கள் மேசையில் கிடக்கும் அர்டுயினோ போதும். மற்ற மூன்றும் இன்றும் உங்கள் முன்னே அப்படியே நிற்கின்றன.

படிவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிளஸ் ஒன்னில் படித்த ஸ்டோக்ஸ் விதிதான். 4 மைக்ரான் விட்டமுள்ள இரும்புத் துகள், தண்ணீரைப்போல் நூறு மடங்கு பாகுநிலை கொண்ட எண்ணெயில் விழுகிறது என்று வைத்துக்கொண்டு முற்றுத் திசைவேகத்தைக் கணக்கிடுங்கள். நொடிக்கு 0.6 மைக்ரான் வரும். ரொம்பக் குறைவாகத் தோன்றும். ஒரு நாளுக்குப் பெருக்கினால் 5 சென்டிமீட்டர்! அடர்த்தியான கலவையில் துகள்கள் ஒன்றையொன்று மறித்துக்கொள்வதால் வேகம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும் என்றாலும் நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கும். உங்கள் டேம்பர் சிலிண்டரின் நீளம் எவ்வளவு? பதினைந்து சென்டிமீட்டர் இருக்குமா? இரண்டு மூன்று வாரத்தில் பிஸ்டனுக்கு மேலே வெறும் எண்ணெய்தான் இருக்கும். திசைவேகம் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்பதால், 10 நானோமீட்டர் துகள் இதைவிட ஒரு லட்சத்து அறுபதாயிரம் மடங்கு மெதுவாக இறங்கும். ஃபெரோஃப்ளூயிடும் எம்ஆர் திரவமும் பிரியும் இடம் இதுதான்: ஒன்று படியாது, விறைக்காது, மற்றது விறைக்கும், படியும். இரண்டு நன்மையையும் ஒன்றாகக் கொடுக்கும் துகள் அளவு இல்லை. சங்கிலியை வெப்ப இயக்கம் குலைக்காமல் இருக்கத் துகள் பெரிதாக இருந்தாக வேண்டும்.

படிந்த திரவத்தைக் கண்ணால் பார்க்காமல் டிசைன் தொடங்காதீர்கள். ஒரு கண்ணாடி மெஷரிங் சிலிண்டரில் எந்தக் கூட்டுப்பொருளும் சேர்க்காத இரும்பு–சிலிகோன் எண்ணெய்க் கலவையை ஊற்றி அலமாரியில் வையுங்கள். மறுநாள் மேலே மெல்லிய தெளிந்த பட்டை தெரியும். ஒரு வாரத்தில் பாதிக்கு வரும். மாதம் கழித்து எண்ணெயை மேலிருந்து வடித்துவிட்டு அடியைக் கண்ணாடிக் கோலால் குத்திப் பாருங்கள். கோல் இறங்காது. சாம்பல் நிறத்தில், மங்கிய பளபளப்போடு, விளிம்பில் விரிசல் விட்டுக் கெட்டித்த படிவு. சுரண்டினால் சில்லுசில்லாக வரும். எண்ணெயில் போட்டுக் கலக்கினாலும் சில்லு சில்லாகவே சுற்றும். ஒரு டேம்பருக்குள் இது நடந்தால் சுழற்றிக் கலக்க அங்கே கோலும் இல்லை, கையும் இல்லை.

ஆகவே துறையில் இருப்பவர்கள் படிவதை முற்றாகத் தடுக்க முயல்வதை விட, மெத்தென்று படியும்படி செய்கிறார்கள். ஃப்யூம்டு சிலிகாவோ, எண்ணெயோடு கலக்கும் வகைக் களிமண்ணோ சிறிதளவு சேர்த்தால் எண்ணெய் அசையாதபோது கட்டித் தயிரைப் போல உறைந்து நிற்கும், அசைத்தவுடன் இளகிவிடும். திக்ஸோட்ரோப்பி என்று பெயர். பிஸ்டனின் முதல் இரண்டு மூன்று ஸ்ட்ரோக்கிலேயே எல்லாம் பழையபடி கலந்துவிட வேண்டும். படிவு எவ்வளவு என்பதோடு, திரும்பக் கலக்க எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது என்பதையும் அளப்பவனே இந்தத் துறையைப் புரிந்துகொண்டவன்.

இந்தக் கண்ணோட்டத்தோடு இன்று சந்தையிலும் கட்டடங்களிலும் ஓடிக்கொண்டிருக்கும் எம்ஆர் கருவிகளைப் பாருங்கள். 2002-இல் காடிலாக் செவில் எஸ்டிஎஸ் காரில் மேக்னரைட் என்ற பெயரில் எம்ஆர் சஸ்பென்ஷன் வந்தது. பிறகு கார்வெட், ஆடி டிடி, ஃபெராரி என்று பரவியது. கார் ஓடும்போது சாலையே திரவத்தைக் கலக்கிக்கொண்டிருக்கிறது. லாரி ஓட்டுநர் இருக்கைக்கான எம்ஆர் டேம்பர் அதற்கும் முன்பே, 1990-களின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. அங்கும் அதே அனுகூலம். ஓசூர் (Össur) நிறுவனத்தின் ரியோ செயற்கை முழங்காலில் மெல்லிய எஃகுத் தட்டுகளை அடுக்கி, நடுவே மிகச் சிறிதளவு எம்ஆர் திரவம். அதை அணிந்தவர் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் கலக்குகிறது. அணிந்தவரின் நடைவேகத்தை உணர்ந்து, கால் வீசும்போது இளகி, ஊன்றும்போது விறைக்கிறது. பொறியியலில் நான் கண்ட மனிதநேயம் மிக்க சாதனங்களுள் ஒன்று அது. லென்ஸ் பாலிஷ் செய்யும் முறை ஒன்றும் உண்டு: பெலாரஸ் நாட்டின் மின்ஸ்க் நகரில் வில்லியம் கோர்டோன்ஸ்கி தொடங்கி, பிறகு அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் முழுமை பெற்றது. தண்ணீர் கலந்த எம்ஆர் திரவத்தில் சீரியம் ஆக்சைடு சேர்த்து, சுழலும் சக்கரத்தின் மேல் ஒரு நாடாவைப் போல் ஓடவிடுகிறார்கள். காந்தத்தின் அருகே வந்ததும் நாடா விறைத்து, கண்ணாடியை நானோமீட்டர் கணக்கில் தேய்க்கிறது. அங்கே பம்பு நிற்காமல் சுற்றிக்கொண்டிருப்பதால் படிய நேரமே இல்லை.

வென்ற கருவிகள் ஒவ்வொன்றுக்கும் படிவுக்கு ஒரு பதில் இருந்தது என்பதைக் கவனித்தீர்களா? அவை ஓயாமல் அசைபவை.

கடினமானது, ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒரே ஒரு நிமிடம் உழைக்க வேண்டிய கருவி. நிலநடுக்கத்துக்காகக் கட்டடத்தில் பொருத்தும் டேம்பர் அப்படிப்பட்டது. 2001-இல் டோக்கியோவின் மிராய்கான் அறிவியல் அருங்காட்சியகத்தில் 30 டன் விசை தரும் எம்ஆர் டேம்பர்களைப் பொருத்தினார்கள். முழு அளவுக் கட்டடமொன்றில் இவை இடம்பெற்றது அதுவே முதல்முறை. கட்டடப் பொறியாளர்கள் இதை விரும்பக் காரணம் இருக்கிறது. இது கட்டடத்தைத் தள்ளுவதில்லை, தன் தடையை மட்டும் மாற்றிக்கொள்கிறது. வெளியிலிருந்து ஆற்றலைப் புகுத்தாததால் கட்டுப்பாட்டு நிரலில் பிழை நேர்ந்தாலும் ஆட்டத்தை இது பெருக்கி விடுமோ என்ற பெரும் அச்சம் இல்லை. பேட்டரி மின்சாரமே போதும். நிலநடுக்கத்தில் மின்சாரம் போய்விட்டாலும் சாதாரண எண்ணெய் டேம்பராக வேலை செய்யும். ஆனால் அந்த ஒரு நிமிடம் வரும் நாளில் இரும்பு மேலே இருக்கிறதா, அடியில் கிடக்கிறதா என்பதுதான் எல்லாம்.

சீனாவின் ஹூனான் மாகாணத்தில் யுயேயாங் நகருக்கு அருகே டோங்டிங் ஏரிப் பாலம் இருக்கிறது. சாய்வான கேபிள்கள் தாங்கி நிற்கும் பாலம். மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும் நாட்களில் அந்தச் சாய்ந்த கேபிள்கள் பயங்கரமாக ஆடின. வெறும் காற்றுக்கு ஆடாத கேபிள் மழையோடு சேர்ந்தால் மட்டும் ஏன் ஆடுகிறது? கேபிளின் மேல்புறம் ஒரு மெல்லிய நீர்க்கோடு வழிந்து இறங்குகிறது. வட்டமான குறுக்குவெட்டு அதனால் வட்டமாக இல்லாமல் போய்விடுகிறது. காற்றின் விசை மாறிவிடுகிறது. 2002-இல் அங்கே 156 கேபிள்களுக்கு, கேபிளுக்கு இரண்டு வீதம், 312 எம்ஆர் டேம்பர்களைப் பொருத்தினார்கள். அவை அந்தப் பாலத்துக்கென்று புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை இல்லை, சந்தையில் கிடைத்த சிறு டேம்பர்கள்தாம். இருக்கும் கருவியை எங்கே பொருத்தினால் பயன் என்று காண்பதும் பொறியியல்தான். உங்கள் ப்ராஜெக்டும் அப்படி ஒன்றாக இருக்கலாம்.

அடுத்து, தடிப்பது பற்றி. இந்தத் துறையைச் சந்தைக்குக் கொண்டுவந்ததில் அமெரிக்காவின் லார்ட் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே பணியாற்றிய டேவ் கார்ல்சன் 2002-இல், நல்ல எம்ஆர் திரவம் என்பது எது என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். ஈல்டு ஸ்ட்ரெஸ் அதிகமாக இருப்பதே நல்ல திரவம் என்று ஆய்வாளர்கள் போட்டி போட்டுக்கொண்டிருந்த காலம். தொழிற்சாலை அனுபவத்திலிருந்து அவர் சொன்னது வேறு: நெடுநேரம் அழுத்தத்தில் ஓடினால் துகளின் மேலுள்ள நொறுங்கும் தோல் உடைந்து நுண்தூளாகி, எண்ணெயில் கலந்து, புலமே இல்லாத நிலையிலும் திரவம் குழம்பாகிவிடுகிறது. முதல் நாள் அளவீட்டில் வென்ற திரவம் இந்தச் சோதனையில் தோற்கும். எத்தனையோ கட்டுரைகளை விட இந்த ஒரு கட்டுரை உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும். வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டுப் பெற்றுப் படியுங்கள்.

இனி லேத் பக்கம். டேம்பரின் விசைக் கணக்கு சிரமமானதன்று. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி 1 மில்லிமீட்டர், காந்தப்புலம் பாயும் நீளம் 20 மில்லிமீட்டர், ஈல்டு ஸ்ட்ரெஸ் 40 கிலோபாஸ்கல் என்று வையுங்கள். நீளத்தை இடைவெளியால் வகுத்து, ஈல்டு ஸ்ட்ரெஸ்ஸால் பெருக்கி, 2-க்கும் 3-க்கும் இடைப்பட்ட ஒரு கெழுவால் பெருக்கினால் அழுத்த வேறுபாடு வரும். கெழு 2.5 என்றால் 2 மெகாபாஸ்கல். பிஸ்டன் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் இருந்தால் விசை 2,000 நியூட்டன். ஏறத்தாழ இருநூறு கிலோ எடைக்குச் சமம். இடைவெளி 2 மில்லிமீட்டராகிவிட்டால் இதில் பாதிகூட வராது, ஏனென்றால் இடைவெளி கூடும்போது காந்தப்புலமும் குறைகிறது. அதனால் பிஸ்டனும் சிலிண்டரும் மையம் விலகாமல் இருப்பதுதான் உங்கள் டர்னிங் வேலையின் உயிர்.

காந்தப் பாதையை ஒரு தாளில் வரைந்துவிட்டு மெட்டீரியல் வாங்கப் போங்கள். பிஸ்டன் மையத்திலிருந்து கிளம்பும் புலம் இடைவெளியைத் தாண்டி, சிலிண்டர் சுவர் வழியே போய், மறுபடி இடைவெளியைத் தாண்டி மையத்துக்குத் திரும்ப வேண்டும். சிலிண்டர் அலுமினியமாக இருந்தால் அந்தப் பாதை அறுந்துபோகும். எடை குறைவு என்று அலுமினியக் குழாயை வாங்கி ஏமாறாதீர்கள். குறைகார்பன் எஃகுதான் வேண்டும். ராடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கலாம். காயிலுக்குள் இருக்கும் மையத்தின் குறுக்குப்பரப்பு போதாவிட்டால் அங்கேயே எஃகு காந்தத் தெவிட்டல் அடைந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு ஆம்பியர் ஏற்றினாலும் காயில்தான் சூடாகும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் எஃகில் கொஞ்சம் காந்தம் தங்கும். எதிர்த்திசையில் ஒரு சிறு துடிப்பு கொடுத்து அதை நீக்கலாம். திரவம் சில மில்லிநொடியில் மாறும் என்றாலும் உங்கள் டேம்பர் அவ்வளவு வேகமாக மாறாது. காயிலின் தூண்டலும் எஃகில் எழும் சுழல் மின்னோட்டமும் தாமதப்படுத்தும். உங்கள் கருவியின் நேரத்தை அளந்து, அளந்ததையே எழுதுங்கள்.

இரும்புத்தூள் விஷயத்தில் குறுக்கு வழி வேண்டாம். லேத்தில் விழும் துருவலைச் சலித்துப் போட்டால் போதும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது கூர்மையானது, பெரியது, கார்பன் கலந்தது, காந்தத்தையும் தக்கவைத்துக்கொள்ளும். கார்பனைல் இரும்பு, இரும்பு பென்டாகார்பனைல் ஆவியைச் சிதைத்துப் பெறும் தூய, உருண்டைத் தூள். உருண்டையாக இருப்பதால்தான் சீல் கொஞ்சமாவது பிழைக்கிறது. அப்படி இருந்தும், ஓடிய டேம்பரைப் பிரித்துப் பார்த்தால் ஹார்டு க்ரோம் ராடின் மேல் நீளவாக்கில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். ஆயில் சீலின் லிப்பில் சாம்பல் பூச்சு ஏறி விளிம்பு மழுங்கியிருக்கும். விரல் நுனியால் ராடைத் தடவினாலே கீறல் உணரப்படும். அந்தப் படத்தை ரிப்போர்ட்டில் போடத் தயங்காதீர்கள். கருவி கெட்டதாக அர்த்தம் இல்லை, நீங்கள் அதை உண்மையிலேயே ஓட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பாதுகாப்பையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நுண்ணிய இரும்புத்தூள் காற்றில் பறந்தால் தீப்பிடிக்கும். மாஸ்க் போடுங்கள், கிரைண்டிங் பொறி பறக்கும் இடத்துக்கு அருகே தூளைத் திறக்காதீர்கள். நியோடிமியம் காந்தம் இரண்டுக்கு நடுவே விரல் சிக்கினால் நசுங்கும். மிச்சத் திரவத்தைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடிய டப்பாவில் சேர்த்து லேபில் ஒப்படையுங்கள்.

மூன்று மாதத்தில் நீங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நிறைய முடியும். டேம்பர் டிசைன் தொடங்கும் நாளிலேயே மூன்று நான்கு கலவைகளைச் செய்து அலமாரியில் வைத்துவிடுங்கள்: ஒன்று வெறும் எண்ணெயும் இரும்பும், மற்றவற்றில் ஃப்யூம்டு சிலிகா வெவ்வேறு அளவில். கன அளவில் 30 சதவீத இரும்பு என்றால் எடையில் 80 சதவீதம், ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 3 கிலோ. அதை மனத்தில் வைத்து எடைபோடுங்கள். தெளிந்த எண்ணெயின் உயரத்தை நாள்தோறும் குறியுங்கள். குழாயைச் சுற்றி ஒரு சிறு காயில் சுற்றி, மேலிருந்து கீழாக நகர்த்தி எல்சிஆர் மீட்டரில் தூண்டலைப் படித்தால், எந்த உயரத்தில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாததும் தெரிந்துவிடும். ஆய்வகங்களிலும் பயன்படும் முறைதான் இது; செலவு அதிகமில்லை. கடைசி மாதம் ஒவ்வொன்றையும் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து, எத்தனை கவிழ்ப்பில் பழையபடி கலக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு அதே திரவத்தை டேம்பரில் ஊற்றி, முதல் நாள் எடுத்த விசை வரைபடத்தையும் கடைசி நாள் எடுத்ததையும் ஒரே கட்டத்தாளில் வரையுங்கள்.

இரண்டு கோடுகளும் ஒன்றாக விழாது. விழாததற்குக் காரணத்தை நீங்கள் சொல்ல முடிந்தால், காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கிய எந்த ப்ராஜெக்டும் அதற்கு ஈடாகாது. இப்போதெல்லாம் டேம்பர், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் சேர்த்து விற்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே போகாதீர்கள். வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: வைவாவில் அதிகபட்ச விசை எவ்வளவு என்று கேட்கிறோம், இந்தத் திரவத்தை நிரப்பி எத்தனை நாளாயிற்று என்றும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி வரும் என்று தெரிந்தாலே மாணவர்கள் ஜனவரியில் அலமாரியில் பாட்டில் வைப்பார்கள்.

இந்த வாரமே முதல் கலவையைச் செய்து, தேதி எழுதி ஒட்டி, யாரும் குலுக்காத இடத்தில் வையுங்கள். டிசைனை அதன் பிறகு தொடங்கலாம்.

அன்புடன்,
ஒரு மெக்கானிக்கல் துறை ஆசிரியர்